கைகளுக்கு மீண்டும் தொழில் தந்த மருத்துவர் மேரி வர்கீஸ்

 

காலையில் கண்விழிப்பது முதல் இரவில் உறங்கச் செல்லும்வரை நமது கைகள் எத்தனை செயல்களைச் செய்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பல் துலக்குகின்றோம், தலை வாருகின்றோம், சட்டைப் பொத்தானைப் பூட்டுகின்றோம், சோற்றைப் பிசைந்து உண்கின்றோம், எழுதுகோல் பிடித்து எழுதுகின்றோம். நோயினாலோ விபத்தினாலோ இவ்வாற்றலை இழந்தவர்க்கே இவற்றின் அருமை விளங்கும். ஒரு காலத்தில் தாமே செய்த சிறு செயலுக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது உடல் வலியிலும் கொடிய வலியாகும்.

இழந்த இவ்வாற்றலை மீட்டுத் தருவதற்கென்றே மருத்துவ உலகில் ஒரு துறை இருக்கின்றது. ஆங்கிலத்தில் ஒக்குபேஷனல் தெரபி எனப்படும் அதனைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்பர். மருத்துவரையும் தாதியரையும் அறிந்த அளவுக்கு நம்மவர் இத்துறையினரை அறிந்திலர். ஆகவே, இத்துறையின் பொருளைத் தமது வாழ்க்கையாலேயே விளக்கிச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் காண்போம். அவர் தமிழகத்தின் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் ஆவார்.

தொழில் என்பது யாது?

முதலில் இப்பெயரின் பொருளைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். தொழில்வழிச் சிகிச்சை என்றவுடன், வேலை தேடிக் கொடுக்கும் ஏற்பாடு என்றே பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். நமது பள்ளியில் இலக்கணம் கற்கும் மாணவர்கள் தொழிற்பெயர் என்பதை அறிவார்கள். உண்ணல், உடுத்தல், நடத்தல், எழுதல், ஆடல் என்பன யாவும் தொழிற்பெயர்கள். அங்கே தொழில் என்பது சம்பளம் பெறும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. செயல் எதுவாயினும் அது தொழிலே. தொழில்வழிச் சிகிச்சையில் வரும் தொழிலும் அத்தகையதே. ஒருவர் தமது நாளை நடத்துவதற்கு வேண்டிய செயல்கள் அனைத்தும் அதனுள் அடங்கும்.

இயன்மருத்துவர் தசைக்கு வலுவையும் மூட்டுக்கு அசைவையும் தருவதில் கருத்தைச் செலுத்துவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் அந்த வலுவைக் கொண்டு நோயாளி தாமே உண்ணவும், உடுக்கவும், சமைக்கவும், படிக்கவும், வேலைக்குத் திரும்பவும் வழி காண்பார். பழைய முறையில் செய்ய இயலாவிடில் புதிய முறையைக் கற்பிப்பார். அதற்கேற்பக் கருவியையும் வீட்டையும் மாற்றியமைப்பார். செயலே இங்கு மருந்து. செயலே இங்கு பயனும் ஆகும்.

இத்துறைக்கென ஒரு சங்கம் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1917ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்களின் தேவையே இத்துறையை விரைந்து வளர்த்தது. இந்தியாவில் இதற்கான முதலாவது பயிற்சிப் பள்ளி 1950ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிற் பிறந்து இந்தியாவைத் தமது நாடாக ஏற்றுக்கொண்ட கமலா நிம்ப்கர் அம்மையார் அதனைத் தொடங்கினார்.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தில், கொச்சியை அடுத்த செராய் என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்தார். வசதி படைத்த கிறித்தவக் குடும்பத்தில், உடன்பிறந்தோர் பலருடன் வளர்ந்தவர் அவர். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியிற் பயின்ற பின்னர், மருத்துவம் கற்கும் வேட்கையோடு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்.

வேலூர்க் கல்லூரியின் வரலாறு தனிச் சிறப்புடையது. இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க அம்மையார், 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு கட்டிலுடன் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் நிறுவினார். பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி உயிரிழந்த காலம் அது. அக்குறையைத் தீர்க்கத் தோன்றிய கல்லூரியிலேயே மேரி படித்துப் பட்டம் பெற்றார். மகப்பேறும் மகளிர் நோயும் தொடர்பான மருத்துவத்திலேயே சிறப்புத் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது.

கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயர்

மேரியின் வாழ்க்கையைத் திசைதிருப்பிய இன்னொருவரை இங்கே அறிமுகம் செய்தல் வேண்டும். அவர் மருத்துவர் போல் பிராண்ட். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில், சமயப் பணிக்காக வந்த ஆங்கிலப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தவர். இலண்டனில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் தொழுநோயாளரைத் தீண்டவும் பலர் அஞ்சினர். நோயினால் அவர்களது விரல்கள் மடங்கி, கழுகின் நகம்போல் வளைந்து பயனற்றுப் போயிருந்தன. பிராண்ட் அக்கைகளை நுணுகி ஆராய்ந்தார். கையின் நரம்புகள் சில பழுதுற்றமையால் அவை இயக்கிய சிறு தசைகள் செயலிழந்தன என்பதையும், முன்கையில் உள்ள தசைகள் பல நல்ல நிலையில் இருக்கின்றன என்பதையும் கண்டார். நலமாக உள்ள தசையொன்றின் நாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரலுடன் இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. கை நேரான நோயாளி ஒருவர் சில காலத்தின் பின் திரும்பி வந்து, தமது நிலை முன்னிலும் மோசமாகிவிட்டது என்று முறையிட்டாராம். அவர் இரந்து உண்டு வாழ்ந்தவர். வளைந்த கைகளைக் கண்டு இரங்கிக் காசு இட்டவர்கள், நேரான கைகளைக் கண்டதும் இடவில்லை; தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கையைத் திருத்தினாற் போதாது. அக்கைக்கு ஒரு தொழிலையும் கொடுத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி பிராண்டுக்கு உணர்த்தியது.

ஆகவே, கல்லூரி வளாகத்தின் அருகே நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு 1951இல் உருவாயிற்று. சத்திரசிகிச்சை பெற்றவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றனர். மரப் பொம்மைகள் செய்தனர். நோவை உணரும் ஆற்றல் அவர்களது கைகளில் இல்லாமையால், கருவியை அழுத்திப் பிடித்தும் சூடான பொருளைத் தொட்டும் அறியாமலே புண்படுத்திக் கொண்டனர். அதனால், வேலை முடிந்ததும் கைகளைக் கண்ணாற் பார்த்துச் சோதிக்கும் வழக்கம் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தொழில்வழிச் சிகிச்சையின் உயிர்நாடி இதுவே அன்றோ?

ஒரு நொடியில் நேர்ந்தது

1954ஆம் ஆண்டு ஜனவரி மாதம். மேரியும் உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்கள் சிலரும் ஒரு நாள் உல்லாசப் பயணமாக வேலூரிலிருந்து புறப்பட்டனர். வழியில் அவர்களது வாகனம் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்து உருண்டது. மேரியின் முகம் கிழிந்து சிதைந்தது. அதனினும் பெரிய இழப்பு முதுகில் நேர்ந்திருந்தது. முள்ளந்தண்டின் உள்ளே செல்லும் நரம்புத்தண்டு பழுதுற்று, இடுப்பின் கீழ் உணர்ச்சியும் அசைவும் அற்றுப் போயின. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அக்காலத்தில் முள்ளந்தண்டுக் காயம் என்பது பெரும்பாலும் மரண ஓலையாகவே கருதப்பட்டது. அசைவின்றிப் படுத்திருப்போருக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் உண்டாகும். சிறுநீரகத்தில் நோய் தொற்றும். அவையே உயிரைக் கவர்ந்துவிடும். இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் 1944இல் தொடங்கிய பணியே இந்நிலையை மாற்றத் தொடங்கியிருந்தது. நோயாளியை இரவும் பகலும் குறித்த நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்தும், பயிற்சியும் விளையாட்டும் தந்தும் அவர் பலரை வாழ வைத்தார். இன்றைய பராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவரும் அவரே.

மேரி பல மாதங்கள் படுக்கையிற் கிடந்தார். சத்திரசிகிச்சைகள் பல நடைபெற்றன. தாம் ஒரு மருத்துவராகையால், தமது கால்கள் மீளமாட்டா என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறருக்குப் பணி செய்ய வந்தவர், தாம் படுக்கையில் திரும்புவதற்கும் பிறர் கையை நாடினார். மனம் தளர்ந்த அந்நாட்களில் இறை நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணையாயிற்று.

அமர்ந்தபடியே ஆற்றிய பணி

கால்கள் போயினும் மேரியின் கைகள் நலமாக இருப்பதைப் பிராண்ட் கண்டார். வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு மருத்துவர் நெடுநேரம் நிற்க வேண்டும். ஆனால் கையிற் செய்யும் சத்திரசிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். ஆகவே, தொழுநோயாளரின் கைகளைத் திருத்தும் கலையைக் கற்குமாறு அவர் மேரிக்கு ஆலோசனை கூறினார். மகளிர் மருத்துவராக வர விரும்பியவரின் பாதை இங்கே திரும்பிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்றல் நன்று. பிராண்ட் மேரிக்கு ஆறுதல் மொழி மட்டும் கூறவில்லை. அவரிடம் இல்லாததை எண்ணி இரங்காமல், எஞ்சியிருப்பது யாது என நோக்கினார்; அதனால் செய்யக்கூடிய செயல் யாது என ஆராய்ந்தார்; அச்செயலுக்கு ஏற்ப வேலையின் முறையை மாற்றினார். ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒவ்வொரு நோயாளியிடமும் செய்வது இதனையே.

மேரி சக்கரநாற்காலியில் அமர்ந்தபடி சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் மீண்டும் நுழைந்தார். நெடுநேரம் அமர்ந்திருப்பது அவரது முதுகிற்குப் பெரும் வேதனை தந்தது. எனினும் விரல்களின் நுண்ணிய நார்களைப் பிரித்து இணைக்கும் வேலையில் அவர் தேர்ச்சி பெற்றார். நடக்க இயலாத ஒருவர் தமது கையைத் திருத்த வருவதைக் கண்ட நோயாளர்கள் உள்ளத்தில் புதிய நம்பிக்கை பிறந்தது. எழுந்து நிற்கக்கூடிய அவர்கள், எழ இயலாத அவரைப் பார்த்து ஊக்கம் பெற்றனர்.

பேர்த் நகரமும் நியூயோர்க் நகரமும்

பணியில் அமர்ந்த பின்னரும் மேரிக்கு ஒரு குறை இருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடை உடுத்தல், நீராடுதல் போன்றவற்றிற்கு அவர் பிறரையே சார்ந்திருந்தார். இக்குறை நீங்க, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர மருத்துவமனையில் முள்ளந்தண்டுக் காயமுற்றோருக்கான பிரிவிற்குச் சென்றார். சத்திரசிகிச்சை செய்யும் மருத்துவர் அங்கே மீண்டும் ஒரு மாணவியானார். கைகளின் வலுவால் உடலைத் தூக்கி நகர்த்தவும், தமது அன்றாடக் கருமங்களைத் தாமே முடிக்கவும் பயின்றார். பிறர் உதவியின்றி நாளைத் தொடங்குவது எத்துணைப் பெரிய விடுதலை என்பதை அனுபவத்தில் உணர்ந்தார்.

தாம் பெற்ற விடுதலையைத் தம் போன்ற பிறரும் பெற வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. உலக மறுவாழ்வு நிதியத்தின் புலமைப்பரிசிலைப் பெற்று, நியூயோர்க்கில் மருத்துவர் ஹவார்ட் ரஸ்க் நடத்திய புகழ்பெற்ற நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்கச் சென்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களைக் கவனித்தவர் ரஸ்க். மருத்துவர், தாதி, இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகிய அனைவரும் ஒரே குழுவாகக் கூடி ஒரு நோயாளியை முழு மனிதராக நோக்கும் முறையை அவர் வளர்த்திருந்தார். சக்கரநாற்காலியில் அமர்ந்தபடி இல்லத்தரசியர் சமைத்துப் பழகுவதற்கென அமைத்த சமையலறையும் அந்நிலையத்திற் புகழ்பெற்றது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளைக் கூறுமிடத்து, நோயாளியையே முதலில் வைத்து எண்ணுகின்றார். அதன் பின்னரே மருத்துவரும் மருந்தும் உடனிருந்து பேணுபவரும் வருகின்றனர். மற்றைய சிகிச்சைகளில் நோயாளி அமைதியாக இருந்தாலே போதும். ஆனால் மறுவாழ்வுச் சிகிச்சையில் நோயாளி முயலாவிடில் எவராலும் எதனையும் செய்ய இயலாது. வள்ளுவரின் வைப்புமுறை இங்கே மிகப் பொருந்துவதைக் காண்க.

வேலூரில் ஒரு மறுவாழ்வு நிலையம்

அமெரிக்காவில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற மேரி, வசதி மிக்க அந்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். சக்கரநாற்காலியில் இருப்பவருக்கு வேலூர்த் தெருக்களைவிட நியூயோர்க் எளிதான ஊர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் 1960களின் தொடக்கத்தில் வேலூருக்கே திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966ஆம் ஆண்டு, கல்லூரி அமைந்துள்ள பாகாயத்தில், நோயாளர் தங்கியிருந்து பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுக்கு அது முன்னோடியாய் விளங்கிற்று.

அங்கு வந்தவர்கள் பெரும்பாலும் எளிய மக்கள். மரமேறித் தவறி விழுந்தோரும், கிணற்றில் வீழ்ந்தோரும், வீதி விபத்தில் அகப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். மருத்துவமனையில் உயிர் பிழைத்து வீட்டுக்குச் சென்ற பின், ஓர் இருண்ட மூலையிற் கிடந்து படுக்கைப் புண்ணால் மடிவதே இத்தகையோரின் விதியாக இருந்தது. அவ்விதியை மாற்றுவதே நிலையத்தின் நோக்கம்.

நியூயோர்க்கிற் கற்றதை அப்படியே வேலூரில் செய்துவிட இயலாது. நமது கிராமத்து வீட்டில் உயர்ந்த மேசை இல்லை. அடுப்பு தரையில் இருக்கும். உண்பதும் உறங்குவதும் தரையிலேயே. வாசலில் படியும், தெருவில் மணலும் சேறும் இருக்கும். ஆகவே, ஒருவர் திரும்பிச் செல்லும் வீடு எத்தகையது, அவரது பிழைப்பு யாது, உடனிருப்போர் யாவர் என்பவற்றை ஆராய்ந்த பின்னரே பயிற்சி தருதல் வேண்டும். உழவருக்கு ஒரு வழி, நெசவாளிக்கு ஒரு வழி, பள்ளிச் சிறுவனுக்கு வேறொரு வழி. இவ்வாறு ஆளையும் இடத்தையும் அறிந்து செயலைப் பொருத்துவது தொழில்வழிச் சிகிச்சையாளரின் தனித்திறமை.

மேரியின் சேவையைப் பாராட்டி, இந்திய அரசு 1972ஆம் ஆண்டு பத்மசிறீ விருது வழங்கியது. விபத்தின் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் சக்கரநாற்காலியில் வாழ்ந்த அவர், 1986ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் மறைந்தார். அவர் தொடங்கிய நிலையம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. தொழில்வழிச் சிகிச்சையைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் கல்லூரிகளுள் வேலூரும் ஒன்றாகும்.

நாம் கொள்ள வேண்டியது

மேரி அம்மையாரின் வாழ்க்கை நமக்கு, அதிலும் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு, உணர்த்துவது யாது?

நம்மவர் நோயாளியைப் பேணுவதில் பிறர்க்குச் சளைத்தவர் அல்லர். பாரிசவாதத்தால் பாட்டியின் ஒரு கை தளர்ந்துவிட்டால் மகள் சோறூட்டுகின்றாள். மருமகள் தலை வாருகின்றாள். பேரப்பிள்ளை தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டு செல்கின்றான். அன்பு மிகுந்த செயல்கள்தாம். ஆனால் அவ்வன்பு எல்லை கடக்குமாயின், பாட்டியிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலும் பழக்கமின்றி மறைந்துவிடும். அவர் பத்து நிமிடம் முயன்று ஒரு கவளத்தைத் தாமே உண்பாராயின், அந்தப் பத்து நிமிடமும் பொறுத்திருப்பதே உண்மையான பணிவிடை. எங்கே உதவ வேண்டும், எங்கே கையைக் கட்டிக் காத்திருக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தினருக்குக் கற்றுக் கொடுப்பவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரே.

சிறுவர்களுக்கும் இத்துறை பெரிதும் பயன்படும். எழுதுகோல் பிடிக்கவும், பொத்தான் பூட்டவும், வகுப்பில் ஓரிடத்தில் அமர்ந்திருக்கவும் இடர்ப்படும் பிள்ளைகள் உளர். அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்து கொள்வதாலோ, அயலார் அறிந்தால் இழுக்கு என்று மறைப்பதாலோ பயனில்லை. குடும்ப மருத்துவரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ தயக்கமின்றிக் கூறி, இச்சிகிச்சையாளரின் உதவியைக் காலத்தோடு பெறுதல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 27ஆம் நாளை உலகத் தொழில்வழிச் சிகிச்சை நாளாக 2010ஆம் ஆண்டு முதல் கொண்டாடி வருவதும், இத்தகைய உதவி உண்டு என்பதை மக்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் மருத்துவராக, பொறியியலாளராக, கணக்காளராக வர வேண்டும் என்று விரும்புகின்றோம். அவ்வரிசையில் இத்துறையையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மனிதர் மீது அன்பும், பொறுமையும், புதிது புதிதாக வழி காணும் அறிவும் உடைய பிள்ளைக்கு இது மிகப் பொருத்தமான கல்வியாகும்.

மாணவச் செல்வங்களே! வாரந்தோறும் நீங்கள் இங்கே கற்கும் தமிழுக்கும் இத்துறையில் இடமுண்டு. நம் மூதாளர் பலருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அவர்கள் கையாற் பிசைந்து உண்பவர்கள்; சேலையும் வேட்டியும் உடுப்பவர்கள்; அரிவாள்மனையிற் காய் நறுக்கிப் பழகியவர்கள். கரண்டியும் முள்ளும் பிடிக்கக் கற்பித்தால் அவர்களுக்கு என்ன பயன்? அவர்களது நாள் எவ்வாறு நடக்கின்றது என்பதை அவர்கள் மொழியிலேயே கேட்டறிந்து, அதற்கேற்ப வழிகாட்ட வல்ல இளைஞர்கள் நமக்குத் தேவை. அத்தகையோர் உங்களிடையே இருந்து தோன்றல் வேண்டும்.

இழந்த கால்களுக்காக வருந்தியவாறு வாழ்நாளைக் கழித்திருக்கக்கூடிய ஒருவர், எஞ்சிய கைகளால் எண்ணற்றோரின் கைகளுக்குத் தொழில் தந்தார். அவ்வழியைப் பின்பற்றி, இயலாதவர் என்று ஒருவரையும் ஒதுக்காது, அவரால் இயன்றதைக் கண்டு வளர்க்கும் சமூகமாக நாம் உயர்வோமாக!